பொன்னாடை அடைத்த குழாய்

கூச்சப்படுகிறவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைப் போலப் பொய் வேறில்லை. வாயாடி தப்புச் செய்தால் நாலு பேருக்குக் காது வலிக்கும், அவ்வளவுதான். கூச்சக்காரன் ஒரு சங்கடத்திலிருந்து தப்பிக்கப் பார்த்தால் தெருவே நனையும். அரசாங்க அதிகாரி நாற்காலி மேல் ஏறி நிற்க வேண்டி வரும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஏற்றிவிட்டவனே நான்தான்.

என் கூச்சம் சாதாரணக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் 'எறக்கம் இருக்கு' என்று சத்தம் கொடுக்க வெட்கப்பட்டு, சூலக்கரையில் இறங்க வேண்டியவன் சாத்தூர் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். (ஒரு தடவை அல்ல.) கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி என் இலையைத் தாண்டிப் போய்விட்டால், கூப்பிட வாய் வராமல் வெறுஞ்சோற்றை அப்பளத்தோடு பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். டீக்கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள். அடுத்தவர் கையிலிருப்பதைக் கேட்பதற்கு எனக்குத் தைரியம் கிடையாது. முதல் பக்கத்தில் ஒரு கொலையைப் படித்துக்கொண்டே வந்தால், முக்கியமான இடத்தில் 'தொடர்ச்சி ஏழாம் பக்கம்' என்று நிற்கும். ஏழாம் பக்கம் யாரோ ஒருவர் மடியில் கிடக்கும். அந்த வகையில் பல வருடங்களாக எந்தக் கொலைகாரனும் பிடிபட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் எழுத்தைக் கண்டால் விடமாட்டேன். வத்தல் கட்டி வந்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போட விடுவேன். என் மகள் கலைச்செல்விக்கும் அதே வியாதி தொற்றியிருந்தது. அவள் அப்போது ஆறாம் வகுப்பு.

விருதுநகரிலிருந்து சூலக்கரைக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ராவுத்தர் மேடு. அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருவுக்குத் தெரு வால்வைத் திறந்துவிடுவது என் வேலை. கூச்சக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஒரு ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி ஒன்று. அதன் ஒரு முனையை வால்வுக் குழிக்குள் விட்டுத் திருகினால் தண்ணீர் வரும். திறப்பதற்கு முன்னால் அதே கம்பியால் கரண்டு கம்பத்தில் மூன்று தட்டு. டங், டங், டங். ஊரோடு நான் பேசிய பேச்செல்லாம் அந்த மூன்று தட்டுத்தான்.

தண்ணீர் என்றதும் நீங்கள் தினமும் வருகிற தண்ணீரை நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் சொல்வது செல்போன் வந்த புதிது. அந்த வருடங்களில் எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் அது நல்ல வாரம். அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பிள்ளையோடு ஓடிவருவாள். தாடியில் பாதியை மழித்தவர் மீதித் தாடியோடு குடம் தூக்கி நிற்பார். எங்கள் ஊர்க் குழாய்கள் வேறு தரைக்கு மேலே இருக்காது. அழுத்தம் இல்லாததால் வீட்டு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள் இறங்கித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மேட்டில் ஒரு காலத்துப் பஞ்சு வியாபாரிகளும் வத்தல் வியாபாரிகளும் கட்டிய பெரிய பெரிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவர்கள் பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்டார்கள். வீடுகளுக்குள் அரசாங்கம் குடிவந்துவிட்டது. தேக்குத் தூண் வைத்த வீட்டில் ரேஷன் கடை. விட்டத்தில் பூ வேலை, அதற்குக் கீழே புழுங்கல் அரிசி மூடை. புது மாப்பிள்ளைக்கென்று கட்டிய மாடி அறையில் தபால் ஆபீஸ். பெட்டகம் இருந்த உள்ளறையில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. (உள்ளே அழுதால் வெளியே கேட்காது. நர்ஸம்மாவுக்கு அந்தச் சுவர் ரொம்பப் பிடிக்கும்.)

எல்லாவற்றிலும் அழகு கண்ணாடி வீடு. ஜன்னல்களுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி பதித்திருக்கும். வெயில் ஏறினால் கூடத்துத் தரையில் கோலம் போட்ட மாதிரி நிறம் விழும். ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. திடீரென்று ஒருநாள், அதை இடித்து மரத்தையும் கண்ணாடியையும் தனியாக விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

மல்லி வத்தல் மண்டி வைத்திருக்கும் அமீது பாய் எங்கள் நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். வீட்டுக்காரர்களுக்கு அவர் ஒன்றுவிட்ட உறவு. சென்னையிலிருக்கும் அவர்களோடு இரண்டு நாள் போனில் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கிவிட்டார். அரசாங்கம் அங்கே நூலகம் வைக்கச் சம்மதித்தால் வீட்டைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். இந்த மாதத்துக்குள் சம்மதம் வராவிட்டால் கடப்பாறை வந்துவிடும். நூலகத் துறை அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டையும் பார்ப்பார், சனங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். ஒரே ஒரு தடவைதான் வருவார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை! நூலகம் என்றால் முழுப் பேப்பர். ஏழாம் பக்கத்துக்கு யாரிடமும் பல்லிளிக்க வேண்டாம். அன்று தொட்டிக்கு ஏறும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான் நீடித்தது. அமீது பாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சுப்பு, கூட்டத்துல நீதான் பேசணும்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுப்பு என்று வேறு யாரும் நிற்கவில்லை.

"பாய், நானா? நான்... எனக்கு... வால்வு வேலை கிடக்கு பாய்."

"நான் கேட்டா சொந்தக்காரன் வீட்டக் காப்பாத்தக் கேக்கான்னு அதிகாரி நினைப்பாரு. படிச்சவன் கேட்டா அவனுக்கென்ன, டவுனுக்குப் போய்ப் படிச்சுக்கிடுவான்ம்பாரு. நீ கேட்டாத்தான்ப்பா எடுபடும். மூணு வரி. அம்புட்டுத்தான்."

என் மனைவி பேச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். அவள் எனக்கு நேர் எதிர். நான் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கென்றே எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

"பாய், நீங்க போங்க. இவுகளப் பேச வைக்கிறது எம் பொறுப்பு."

"மூணு வரி தங்கச்சி."

"முப்பது வரி பேசுவாக. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம், எங்கிட்ட மூணு வரி பேசியிருக்காகளான்னு கேக்காதீக. அது வேற."

கலைச்செல்வி நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, எங்கள் ஊருக்கு நூலகம் வேண்டும். இந்த வீட்டிலேயே வேண்டும். நன்றி.' சத்தியமாகச் சின்னப் பேச்சுத்தான். யார் காதிலும் விழாமல் ஒத்திகை பார்க்க இடம் தேடி, காலியாகக் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று, "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தேன். தொட்டி என் குரலை வாங்கி, நாலு மடங்காக்கி, நாலு பக்கமிருந்தும் என் மேலேயே திருப்பி எறிந்தது. யாரோ திட்டுகிறார்கள் என்று பயந்து ஏணியில் ஏறி ஓடிவந்துவிட்டேன்.

இதற்கிடையில் அமீது பாய் ஒரு தந்திரம் செய்தார். மோட்டார் பழுதாகி, அந்த ஞாயிற்றுக்கிழமையோடு தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றுதான் மோட்டார் சரியாகி, தொட்டி நிரம்பியது. "கூட்டம் முடிஞ்சதும் சுப்பு தண்ணி தொறப்பான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். பிறகென்ன? மூன்று மணிக் கூட்டத்துக்கு இரண்டரைக்கே இடமில்லை! கண்ணாடி வீட்டு மதிலோரமாகச் சிவப்பு, பச்சை, ஊதா என்று குடங்கள் வரிசையில் நின்றன. நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேனில் போகிற பெண்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண் மேடையைப் பார்க்கவில்லை. என்னையும் என் கம்பியையும்தான் பார்த்தது.

மேடையை முன்முற்றத்தில் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் அந்த வீட்டுக் குழாய்க் குழி இருந்தது. குழிக்கு மேல் பலகை அடுக்கி, சமுக்காளம் விரித்து, நாற்காலி போட்டாகிவிட்டது. குழிக்குள் குழாய்க்கு மூடி கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான்தான் ஒரு கட்டையைச் செதுக்கி, துணி சுற்றி அடித்து வைத்திருந்தேன். "நல்ல மூடி போடுலே" என்று பாய் இரண்டு தடவை சொன்னார். செய்கிறேன் என்று தலையாட்டினேன். (மூடி வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரரிடம் அளவைப் பற்றியெல்லாம் பேச வேண்டும்.)

மேடையின் ஓரத்து மேசையில் புத்தகங்கள். வீட்டுக்கு ஒன்று என்று ஊரார் கொடுத்தவை. பழைய பாடப்புத்தகம், பஞ்சாங்கம், வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துத் தைத்த கட்டு, சமையல் குறிப்பு, யாரோ கொடுத்த மாட்டு வைத்தியம். கலைச்செல்வி அதற்குக் காவல்.

அதிகாரி வந்தார். காவிரிக்கரைப் பக்கத்து ஆள். வாசலில் கால் கழுவத் தண்ணீர் கேட்டார். அமீது பாய் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார்.

பொன்னாடை போர்த்தினார்கள். டவுனிலிருந்து வந்த போட்டோக்காரர் படம் எடுத்தார். அதிகாரி வீட்டைச் சுற்றிப் பார்த்து, கண்ணாடி நிறத்தில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மைக்கைப் பிடித்தார்.

"நான் பல ஊர் பார்த்திருக்கேன். ஞாயிற்றுக்கிழமை வெயிலில், ஒரு நூலகத்துக்காக இவ்வளவு தாய்மார்கள் கூடிய ஊரை இதுவரை பார்த்ததில்லை!"

கைதட்டல் கிளம்பியது. அதன் நடுவே முன்வரிசை வேலம்மா அக்கா பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது: "எப்பத்தான் தொறப்பானாம்?" வேலம்மா அக்கா பட்டாசுக் கம்பெனியில் நாற்பது பெண்களுக்கு மூத்தவள். அவள் மெதுவாகப் பேசினாலே மைக் வேண்டாம்.

"உங்களில் யார் நூலகம் கேட்டுப் பேசப் போறீங்க? அவங்க பேசினதும் நான் முடிவு சொல்றேன்" என்றார் அதிகாரி.

"வார்டு மெம்பர் ரெண்டு வார்த்தை சொல்லுவாரு. அடுத்தது நம்ம சுப்புராசு பேசுவாரு" என்று அமீது பாய் அறிவித்தார்.

என் காதுக்குள் தொட்டியின் எதிரொலி கேட்டது. நோட்டுத்தாள் வியர்வையில் ஊறி, 'மதிப்பிற்குரிய' மட்டும் மிச்சமிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிறுநீர் கழிக்கப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பக்கவாட்டு வாசலால் வெளியே நழுவினேன்.

வெளியே மதில் மூலையில் வால்வுக் குழி இருந்தது.

இப்போது யோசித்தால் என்னை நானே அடிக்கலாம் போல இருக்கிறது. அப்போது அது எனக்குப் பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது. இரண்டே நிமிடம் திறப்பது. கம்பத்தில் தட்டாமல், சத்தமில்லாமல். வாசலோரக் குழாயில் சொட்டுகிறது என்று பின்வரிசையில் நாலு பேர் எழுந்திருப்பார்கள். கூட்டம் கலகலத்துப் போகும். நேரமாகிவிட்டது, சுப்பு பேச வேண்டாம், நன்றி, வணக்கம் என்று பாய் முடித்துவிடுவார். அதிகாரி ஏற்கெனவே கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்? எல்லோருக்கும் நல்லது. பன்னிரண்டு திருகு. திருகிவிட்டேன்.

இரண்டு விஷயம் என் புத்திக்கு எட்டவில்லை. எப்போதும் நான் தண்ணீர் திறக்கும்போது தெருவில் அத்தனை குழாயும் திறந்திருக்கும். அழுத்தம் பங்குபோட்டுப் போகும். அன்று ஊரே கூட்டத்தில். எல்லாக் குழாயும் மூடிக் கிடந்தது. அதனால் பதினோரு நாள் தண்ணீரின் வேகம் மொத்தமும், என் ஆறு வருடத்துக் கட்டையை நோக்கிக் கிளம்பியது.

இரண்டாவது விஷயம், தண்ணீருக்கு முன்னால் குழாயில் காற்று வரும்.

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

மேடைக்கு அடியிலிருந்து வந்த அந்தச் சத்தம் மதிலுக்கு வெளியே எனக்கே கேட்டது. வேறு ஊரில் இப்படிச் சத்தம் வந்தால் பாம்பு என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது ஒன்றே ஒன்றுதான். திரி!

பட்டாசுக் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம், உஸ் என்று கேட்டால் என்னவென்று பார்க்கக் கூடாது, ஓட வேண்டும் என்பது. அத்தனை பெண்களும் அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு.

"வெளிய ஓடுங்கடீ!" என்று வேலம்மா அக்கா போட்ட சத்தத்தில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முன்வரிசை எழுந்ததைப் பார்த்து நடுவரிசை, நடுவரிசையைப் பார்த்துப் பின்வரிசை. பேசிக்கொண்டிருந்த வார்டு மெம்பர் மைக்கோடு ஓடினார். வயர் இழுத்துக் கீழே உட்கார்ந்தார், மைக்கைப் போட்டுவிட்டு மறுபடி ஓடினார். கண் மூடித் திறப்பதற்குள் முற்றம் காலி. போட்டோக்காரர் மதில் மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாதாம்.

மேடையில் அதிகாரியும், புத்தக மேசையைவிட்டு நகராத கலைச்செல்வியும் மட்டும். காவிரிக்கரை ஆளுக்கு உஸ் என்றால் என்ன தெரியும்? "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும்..." என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "டமார்!" கட்டை பிய்த்துக்கொண்டு வந்து அவர் நாற்காலிக்கு அடியில் இருந்த பலகையில் அடித்தது. அதிகாரி நாற்காலி மேல் ஏறிவிட்டார். சமுக்காளம் பூரி மாதிரி உப்பியது. உப்பி, வெடித்து, அவரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர் பீறிட்டது!

தெருவில் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு யாரோ ஒருத்தி கத்தினாள்:

"ஏலே, தண்ணிலே!"

உயிருக்குப் பயந்து வெளியே ஓடியதைவிட வேகமாக உள்ளே ஓடிவந்தார்கள். இந்தத் தடவை கையில் குடம். "சார், காலத் தூக்குங்க." "சார், அந்த நாற்காலிய நகத்துங்க, குழிக்கு மேல நிக்கீக." என் மனைவி பேச்சியம்மாள் ஒரு பச்சைக் குடத்தை அதிகாரியின் கையில் திணித்தாள். "சும்மாதான நிக்கீக, இதப் பிடிங்க சார். கீழ வச்சிராதீக, வேற யாரும் தூக்கிட்டுப் போயிருவாக." அவர் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் பேச்சியம்மாள் சொன்னால் யாராக இருந்தாலும் பிடித்துக்கொள்வார்கள்.

பக்கவாட்டு வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். மேடை மிதந்து ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதோடு மேசை. மேசை மேல் புத்தகங்கள். கலைச்செல்வி இரண்டு கையாலும் அந்த அடுக்கை அணைத்துக்கொண்டு, "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் கூடத்துப் படியில் ஏறத் தொடங்கியது. வீடும் போகப்போகிறது, நூலகமும் போகப்போகிறது, எல்லாம் மூன்று வரிக்குப் பயந்து!

கம்பியை மறுபடி குழிக்குள் விட்டு மூடத் திருகினேன். ஒரு சுற்றுக்கூட முடியவில்லை. என்னைச் சுற்றி இருபது பேர்.

"ஏண்ணே, மூடுறீகளா?"

"பதினோரு நாள் கழிச்சு வந்த தண்ணிய மூடுவாகளா? இவுகளுக்குப் பாவம் புண்ணியம் இல்லையா?"

வேலம்மா அக்கா கம்பியைப் பிடித்துவிட்டாள். "ஏலே சுப்பு, கையெடு. எங்குடம் ரெண்டு இன்னும் காலி."

"யக்கா... புத்தகம்..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

எங்கிருந்து எனக்கு அந்தப் பலம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கம்பியை ஒரே இழுப்பில் பிடுங்கினேன். வால்வுக் குழியின் விளிம்பில் ஏறி நின்றேன். கம்பியைத் தலைக்கு மேல் தூக்கினேன். கம்பத்தில் தட்டவில்லை. வாயைத் திறந்தேன். பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்து கிடந்ததெல்லாம் அந்தத் தொட்டிச் சத்தத்தோடு வெளியே வந்தது:

"எனக்கு ஏழாம் பக்கம் வேணும்!"

எல்லோரும் நின்றுவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் சுப்பு பேசுகிறான்! அதுவே பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது.

"பேசச் சொன்னாக, வெக்கப்பட்டுத் தண்ணியத் தொறந்து விட்டுட்டேன்! தப்புத்தான்! புத்தகம் நனைஞ்சா லைப்ரரி வராது! லைப்ரரி வரலைன்னா இந்த வீட்டை இடிச்சிருவாக! எம் மக உள்ள ஒத்தையில நிக்கா! தண்ணி நாளைக்கும் தொறக்கேன்! நாளன்னைக்கும் தொறக்கேன்! மொதல்ல புத்தகத்தத் தூக்குங்க!"

அடுத்தடுத்து இரண்டு நாள் தண்ணீர் என்பது எங்கள் ஊரில் யாரும் தேர்தலில்கூடக் கொடுக்காத வாக்குறுதி. வேலம்மா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"கேட்டீகல்லடி? குடத்த வையிங்க. புத்தகத்தத் தூக்குங்கடீ!"

பட்டாசுக் கம்பெனியில் ஈரம் படக்கூடாத பொருளைக் கையாண்டு பழகிய கைகள் அவை. வரிசை கட்டி நின்று, கைக்குக் கை மாற்றி, பஞ்சாங்கம், பாடப்புத்தகம், மாட்டு வைத்தியம் எல்லாம் கூடத்து மாடிப்படிக்குப் போய்ச் சேர்ந்தன. வேலம்மா அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். கையால் துழாவிக் கட்டையை எடுத்தாள். சுற்றத் துணி இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேலே அதிகாரி, தோளில் பொன்னாடை.

"சார், இதக் குடுங்க."

அவர் தயங்குவதற்குள் அதுவே அவள் கைக்குப் போய்விட்டது. சரிகையோடு கட்டையில் சுற்றி, குழாயில் வைத்து, குதிகாலால் மூன்று மிதி. நின்றுவிட்டது தண்ணீர்! அதே நொடியில் தெருக் குழாய்களைத் திறந்தார்கள். வேகம் அந்தப் பக்கம் பிரிந்து போனது. வால்வை மூடவே தேவைப்படவில்லை.

அதிகாரி கூடத்துப் படியில் உட்கார்ந்து கால்சட்டையைப் பிழிந்தார். அமீது பாய் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தபடி, "அல்லாவே" என்று முனகிக்கொண்டிருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள்.

"நீங்கதான் பேசவேண்டியவரா?"

"ஆமாங்க சார்."

"இந்தத் தண்ணியைத் திறந்ததும் நீங்கதானா?"

"ஆமாங்க சார்."

"அதென்ன ஏழாம் பக்கம்?"

சொன்னேன். டீக்கடையை, தாள் பிரிவதை, பிடிபடாத கொலைகாரர்களை, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. மாடிப்படியில் இருந்த புத்தகங்களைப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை. நனைந்தது அவர் கையிலிருந்த கோப்பு மட்டும்தான்.

"இதைக் காயவச்சுத்தான் எழுதணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பச்சைக் குடம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. பேச்சியம்மாள் ஓடிப்போய் வாங்கினாள்.

அடுத்த இரண்டு வாரம் நான் யார் முகத்திலும் முழிக்கவில்லை. முழித்தாலும் "நாளைக்குத் தண்ணி உண்டாண்ணே?" என்றுதான் கேட்டார்கள். (வாக்குக் கொடுத்தபடி இரண்டு நாளும் திறந்தேன். அதற்காக மேலதிகாரிகளிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.) மாதக் கடைசியில் அமீது பாய் மண்டியிலிருந்து சைக்கிளில் பறந்து வந்தார். இறங்கும்போதே கையில் காகிதத்தை ஆட்டினார்.

"வந்திருச்சுப்பா! லைப்ரரி வந்திருச்சு!"

நிபந்தனை ஒன்றே ஒன்று. முற்றத்துக் குழியை மூட வேண்டும். அன்றைக்கே மூடினோம். நானே மண் சுமந்தேன். பொன்னாடை இன்னும் அதற்கு அடியில்தான் இருக்கிறது.

கண்ணாடி வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறார்கள். மதில் மேலிருந்து போட்டோக்காரர் எடுத்தது. நாற்காலி மேல் பச்சைக் குடத்தோடு அதிகாரி. தொப்பி நனைந்த அமீது பாய். புத்தகத்தை அணைத்தபடி கலைச்செல்வி. தூரத்தில், மதிலுக்கு அந்தப்பக்கம் பெண்கள் முதுகாகத் தெரியும். அந்த முதுகுகளுக்கு நடுவே ஒரு இரும்புக் கம்பி மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அதுதான் நான். நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் என் மகள், "அந்தக் கம்பிதான் எங்கப்பா" என்று காட்டுவாள்.

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் போட்டோ எடுத்தாலும் நான் கடைசி வரிசையில், உயரமான ஆள் ஒருவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் குடும்பத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. போட்டோக்காரர் "ரெடி" என்றதும் யாராவது ஒருவர், "ஆளக் காணுமே, கம்பியத் தூக்குங்க!" என்று குரல் கொடுப்பார்கள். மச்சான் கொடுப்பார், மருமகன்கள் கொடுப்பார்கள், போன வருடம் பேச ஆரம்பித்த பேத்தியும் கொடுக்கிறாள்.

கலைச்செல்வி கல்யாணத்திலும் அதே கதைதான். சம்பந்தி வீட்டார் முன்னால் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டுமென்று பேச்சியம்மாள் எல்லோரையும் எச்சரித்து வைத்திருந்தாள். மணமேடையில் எல்லோரும் நின்றாகிவிட்டது. நான் சம்பந்தியின் பெரிய தலைப்பாகைக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொண்டேன். பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்துவந்த வேலம்மா அக்கா மண்டபம் அதிரக் கத்தினாள்:

"ஏலே சுப்பு, கம்பியத் தூக்குலே!"

ஆல்பத்தில் பாருங்கள். சம்பந்தி வீட்டார் இருபது பேரும் ஒன்றும் புரியாமல் விழிக்கிறார்கள். எங்கள் வீட்டார் வாய் விட்டுச் சிரிக்கிறார்கள், மணப்பெண்ணும்தான். பின்வரிசையில், தலைப்பாகைக்கு மேலே, ஒரு வெறுங்கை நேராகத் தூக்கி நிற்கிறது.